எல்லா லோரி டிரைவருக்கும் ஒரே போன் நம்பர்: 2147483647

செம்பனைச் சேகர்:
வணக்கம். பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் கவுண்டரில் வேலை செய்கிறேன். (ஊருக்குப் பெயர் மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) அண்மையில் ஆலையில் புதிய கணினி முறை போட்டார்கள். குலை ஏற்றி வரும் ஒவ்வொரு டிரைவரின் கைப்பேசி எண்ணையும் முன்னால் மலேசியாவின் குறியீடான 60 சேர்த்துப் பதிய வேண்டும். பதிந்தால் எடைச் சீட்டில் தோட்டத்து லோரிக்கும் 2147483647, சிறுதோட்டக்காரர் லோரிக்கும் 2147483647. எல்லாருக்கும் ஒரே நம்பர்! டிரைவர்கள் சிரிக்கிறார்கள்.

படிவம் 4 படிக்கும் என் மகள் சீட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பகா எண். இணையத்தில் தேடிப் பார்த்தேன்" என்றாள். இங்கே கணக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். பத்து இலக்க எண்ணைப் பகா எண் என்று அடித்துச் சொல்ல எப்படி முடிகிறது? கணினி தற்செயலாக ஒரு பகா எண்ணில் போய் நின்றதா, யாராவது வேண்டுமென்றே வைத்தார்களா?

நிரலன்:
சேகர் அண்ணே, முதலில் ஆலை விஷயம். உங்கள் தரவுத்தளத்தில் போன் நம்பரை 32 பிட் முழு எண்ணாக வைத்திருக்கிறார்கள். அந்த 32 இடங்களில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2^31 − 1, அதாவது 2147483647. 60-இல் தொடங்கும் நம் கைப்பேசி எண் எதுவானாலும் இதைவிடப் பெரியது. மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளத்தில் கண்டிப்பான சரிபார்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், அது பிழை சொல்லாமல் "என்னால் முடிந்த பெரிய எண் இதுதான்" என்று இதையே எழுதிவிடும். போன் நம்பரை எண்ணாகச் சேமிக்கக் கூடாது, எழுத்தாகச் சேமிக்க வேண்டும். முறை போட்டவர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

பகா எண்ணாக அமைந்தது தற்செயல்தான். 32 பிட் வைத்தவர்கள் பகா எண்ணைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்கள்.

கணக்கு வாத்தி:
நிரலன் சொன்னது சரி. ஆனால் அந்தத் தற்செயலுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

படிவம் 4-இல் எண் அடிமானங்கள் பாடம் வருகிறது. இரண்டடிமானத்தில் 2^31 − 1 என்பது வரிசையாக 31 ஒன்றுகள், அவ்வளவுதான். இதுபோல வெறும் ஒன்றுகளால் ஆன எண் எப்போது பகா எண்ணாகும்? 16 பிட் கணினியின் உச்ச எண்ணை எடுங்கள். 2^15 − 1 = 32767. பதினைந்து ஒன்றுகள். 15 என்பது 3 × 5 என்பதால் அவற்றை மும்மூன்றாக வெட்டலாம்: 111 111 111 111 111. ஒவ்வொரு துண்டும் 7. ஆகவே முழு எண்ணும் 7-ஆல் வகுபடும்: 7 × 4681. ஐந்தைந்தாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 31: 31 × 1057. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சமமாக வெட்ட முடிந்தால் போதும், அந்த எண் பகு எண்தான்.

31 ஒன்றுகளை அப்படி வெட்ட முடியாது, ஏனென்றால் 31 பகா எண். 64 பிட்டுக்கு மாறினால் 63 ஒன்றுகள். 63 = 9 × 7. வெட்டலாம். அதனால் 2^63 − 1 பகு எண். குறியில்லாத 32 பிட்டின் உச்சமான 4294967295-உம் அப்படியே: 3 × 5 × 17 × 257 × 65537. (இந்த ஐந்தும் இதுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தும்தான், அதாவது 2-இன் ஓர் அடுக்கோடு 1 கூட்டி வரும் பகா எண்கள். இதைக் காட்டினால் எந்த வகுப்பிலும் நாலு பிள்ளைகளாவது நிமிர்ந்து உட்காருவார்கள்.)

சேகர் மகள்:
சார், அப்பா கணக்கில்தான் எழுதுகிறேன், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன். ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் போதுமா? 11 ஒன்றுகள் போட்டுப் பார்த்தேன். 2047 வருகிறது. அது 23 × 89.

கணக்கு வாத்தி:
போதாதம்மா. எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. நீ கண்ட 2047-தான் அதற்கு முதல் சாட்சி. 23 ஒன்றுகள் போட்டாலும் கவிழும்: 8388607 = 47 × 178481. இந்த இனத்துக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். பிரெஞ்சுத் துறவி மாரென் மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் போட்டார்: 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று. அதில் 31, 127 இரண்டும் சரி. 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் யாராலும் முழுதாகச் சரிபார்த்திருக்க முடியாது.

பழைய கிராணி:
தம்பி, நாங்கள் தோட்டத்தில் சம்பளப் பட்டியலைக் கையால் கூட்டியவர்கள். பத்து இலக்க எண்ணை 2, 3, 5, 7 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டாமா? கணினி இல்லாத காலத்தில் இதை யார் உட்கார்ந்து செய்தது?

கணக்கு வாத்தி:
ஐயா, செய்தவர் கணித மேதை ஆய்லர், 1772-இல். இந்த இழையில் நான் எழுத ஆசைப்பட்ட பகுதியே இதுதான், கொஞ்சம் நீளும்.

2147483647-இன் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றால் 4,700-க்கும் மேற்பட்ட வகுத்தல்கள். ஆய்லர் அதைச் செய்யவில்லை. "இதை வகுக்கக்கூடிய பகா எண் ஒன்று இருந்தால் அது எப்படி இருந்தாக வேண்டும்?" என்று முதலில் கேட்டார்.

அந்த எண்ணுக்கு 'வ' என்று பெயர் வைப்போம். வ நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்றால், 2^31-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 1. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் (வ − 1)-ஆம் அடுக்கை வ-ஆல் வகுத்தாலும் மீதி 1. 2-இன் அடுக்குகளை வ-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் சுழற்சியாகத் திரும்பி வரும். மீதி 1 வரும் இடங்கள் எல்லாம் அந்தச் சுழற்சி நீளத்தின் மடங்குகளில்தான் இருக்கும். நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், நீளம் 1 ஆகவும் முடியாது. ஆகவே நீளம் 31-தான், அது வ − 1-ஐயும் வகுக்கும். வ − 1 இரட்டைப்படை என்பதால் 62-உம் வகுக்கும். அப்படியானால் வ என்பது 62-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2^32-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 2. 2^32 ஒரு வர்க்கம், 2^16-இன் வர்க்கம். ஒரு வர்க்கம் மீதியாக 2-ஐத் தர வேண்டும் என்றால், வ-ஐ 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் மிஞ்சுவது இரண்டு வகைதான்: 248-இன் மடங்கு + 1, அல்லது 248-இன் மடங்கு + 63.

46,340 வரை இப்படிப்பட்ட எண்கள் ஏறத்தாழ 370. அவற்றில் பகு எண்களைத் தள்ளினால் இன்னும் குறையும். 249 மூன்றால் வகுபடும், 497 ஏழால் வகுபடும், 559 = 13 × 43. மிஞ்சுவதை ஒரு மனிதர் உட்கார்ந்து வகுத்து முடிக்கலாம். ஒன்றுகூட வகுக்கவில்லை. எண் பகா எண்.

பழைய கிராணி:
புரிகிறது. பால் மரக் காட்டில் ஆடு தொலைந்தால் எல்லா நிரையும் நடக்க வேண்டியதில்லை. எந்த நிரையில் மேயும் என்று தெரிந்தவன் அங்கே மட்டும் போவான். அங்கே இல்லை என்றால் ஆடு காட்டிலேயே இல்லை.

சேகர் மகள்:
சார், அந்த வரிசையில் வரும் முதல் பகா எண் 311. வகுத்தேன். 6905092 முறை போய் மீதி 35. அடுத்தது 1303. அதுவும் வகுக்கவில்லை. என் 2047-க்கும் இதே விதியைப் போட்டுப் பார்த்தேன்: 23 = 22 + 1, 89 = 88 + 1. இரண்டும் 22-இன் மடங்கோடு 1 கூட்டியவை!

கிள்ளான்காரன்:
எல்லாம் அருமை. ஆனால் எஸ்பிஎம் தேர்வில் இது வராது. பிள்ளையின் நேரத்தை ஏன் வீணாக்குகிறீர்கள்? வேறு ஏதாவது பயன் உண்டா? வங்கிகள் இந்த மாதிரிப் பெரிய பகா எண்ணைத்தானே ரகசியத்துக்குப் பயன்படுத்துகின்றன, அதையாவது சொல்லிக் கொடுங்கள்.

நிரலன்:
அண்ணே, வங்கிக்கு இந்த வகை எண் உதவாது. ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறையில் 300 இலக்கத்துக்குச் சற்று மேலான இரண்டு பகா எண்களைப் பெருக்கி வைப்பார்கள். பாதுகாப்பு, அந்த இரண்டும் யாருக்கும் தெரியாமல் இருப்பதில்தான். மெர்சென் பகா எண்கள் ஊருக்கே தெரிந்த சின்னப் பட்டியல். அதிலிருந்து எடுப்பதும் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை வாசலில் வைப்பதும் ஒன்று.

ஆனால் 2147483647-க்கே ஒரு வேலை உண்டு. கணினியில் குலுக்கல் எண் உருவாக்கும் பழைய முறை: ஏதாவது ஓர் எண்ணை எடு, 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை வைத்துக்கொள். மறுபடி அதையே செய். 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் இதைக் குறைந்தபட்ச அளவுகோலாக முன்வைத்தார்கள். இன்றும் சி++ மொழியின் நூலகத்தில் இருக்கிறது. 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. அந்தப் பெருக்கம் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணையும் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த முழுச் சுற்றுக் கிடைக்காது. கோயில் திருவிழாவில் கணினி வைத்துக் குலுக்கல் நடத்தினால் உள்ளே இப்படி ஒன்று ஓடலாம். பரிசுத் தொகை பெரியது என்றால் இதை நம்பாதீர்கள், ஒரு எண்ணைப் பார்த்தே அடுத்ததைக் கணக்குப் போட்டுவிடலாம்.

கணக்கு வாத்தி:
பயன் என்று கேட்டதால் சொல்கிறேன். 2^31 − 1 பகா எண் என்பதால் 2^30 × (2^31 − 1) ஒரு நிறைவெண் ஆகிறது. தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண். 6 = 1 + 2 + 3 போல. 28, 496, 8128 எல்லாம் இந்த வகை. நமக்கு வருவது 2305843008139952128. 1811-இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ, இதுதான் மனிதர் காணப்போகும் மிகப் பெரிய நிறைவெண், பயனில்லாத வெறும் வேடிக்கைக்காக இதைத் தாண்டி யாரும் தேடப் போவதில்லை என்ற பொருளில் எழுதினார். கிள்ளான்காரருக்கு நல்ல கூட்டாளி!

1876-இல் பிரான்சின் எத்வார் லூக்கா 2^127 − 1 பகா எண் என்று காட்டினார். 170141183460469231731687303715884105727. முப்பத்தொன்பது இலக்கம், எல்லாம் கையால். இங்கே ஆய்லரின் வழி பலிக்காது. மிஞ்சும் வகுஎண்களே உலகம் கொள்ளாது. லூக்கா வகுப்பதையே விட்டுவிட்டார். அவர் முறையைப் பின்னால் லெமர் எளிமையாக்கினார். 4-இல் தொடங்கு. வர்க்கமாக்கி 2-ஐக் கழி. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இதைச் செய். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

127-க்கு (2^7 − 1) செய்து காட்டுகிறேன், ஐந்து படி: 4, பிறகு 14, 194-இன் மீதி 67, பிறகு 42, 111, கடைசியில் 111 × 111 − 2 = 12319 = 127 × 97. மீதி 0.

சேகர் மகள்:
2047-க்குச் செய்தேன் சார். ஒன்பது படி. 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. 0 வரவில்லை. ஆனால் 23, 89 என்று எதுவுமே இதில் தெரியவில்லையே?

கணக்கு வாத்தி:
சரியாகப் பிடித்தாய். இந்தச் சோதனை பகு எண் என்று சொல்லும், காரணிகளைக் காட்டாது. 2^67 − 1 பகு எண் என்று லூக்காவே 1876-இல் சொல்லிவிட்டார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என்று ஃபிராங்க் நெல்சன் கோல் காட்டியது 1903-இல். உடையும் என்று தெரிந்தும் எங்கே உடையும் என்று தெரியாமல் 27 ஆண்டு கிடந்தது அந்த எண்.

சுங்கை பூலோ ரவி:
இப்போது உலகிலேயே பெரிய பகா எண்ணும் இதே வகைதானே? செய்தியில் படித்தேன்.

நிரலன்:
ஆமாம். 2^136279841 − 1. 2024 அக்டோபரில் லூக் டூரண்ட் என்ற அமெரிக்கர் கண்டார். முன்பு என்விடியாவில் வேலை பார்த்தவர். பல நாடுகளில் உள்ள வரைகலைச் செயலிகளை வாடகைக்கு எடுத்துத் தேடினார். ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வத் திட்டம் 1996 முதல் இந்த வேட்டையை நடத்துகிறது. இது நமக்குத் தெரிந்த 52-ஆவது மெர்சென் பகா எண். 4,10,24,320 இலக்கங்கள்.

இலக்க எண்ணிக்கையை யாரும் எண்ணிப் பார்க்க வேண்டாம். அடுக்கை 0.30103-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். கடைசி இலக்கமும் கைக்கணக்குதான். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து நான்குக்கு ஒரு முறை சுற்றும். 136279841-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1, ஆகவே அடுக்கு 2-இல் முடியும், ஒன்று கழித்தால் எண் 1-இல் முடியும். இருபதுக்கு ஒரு சுற்றாகப் பார்த்தால் கடைசி இரண்டு இலக்கம் 51 என்றும் கிடைக்கும். நாலு கோடி இலக்க எண்ணின் வால் நம் கையில்!

சுங்கை பூலோ ரவி:
ஏன் எப்போதும் இந்த வகைதான் முதலிடம்? வேறு வகையில் பெரிய பகா எண்ணே இல்லையா?

கணக்கு வாத்தி:
இருக்கின்றன, முடிவே இல்லாமல் இருக்கின்றன. யூக்லிட் காலத்திலேயே நிறுவியாயிற்று. ஆனால் நாலு கோடி இலக்கத்தில் ஏதோ ஓர் எண்ணை நீங்கள் எழுதிக் கொடுத்து "இது பகா எண்ணா?" என்று கேட்டால், பகா எண்ணாகவே இருந்தாலும் அதை நிறுவிக் காட்ட இன்று யாராலும் முடியாது. உருவம் தெரிந்த எண்ணுக்குத்தான் லூக்கா, லெமர் சோதனை போன்ற குறுக்கு வழி உண்டு. அளவு இரண்டாவது விஷயம், உருவம்தான் முதல். பெரிய எண்ணைப் பார்த்து மலைக்கிற செய்திகளில் எனக்குப் பிடிக்காதது இதுதான், இலக்கக் கணக்கைச் சொல்லிவிட்டு உருவத்தை விட்டுவிடுகிறார்கள்.

சேகர் மகள்:
சார், ஒன்று கவனித்தேன். 31-உம் 2^5 − 1. 127-உம் 2^7 − 1. அப்படியென்றால் மெர்சென் பகா எண்ணையே அடுக்காகப் போட்டால் எப்போதும் பகா எண் வருமா? 3 போட்டால் 7, 7 போட்டால் 127, 31 போட்டால் அப்பாவின் சீட்டு நம்பர், 127 போட்டால் லூக்காவின் எண். நாலுமே வருகிறதே.

கணக்கு வாத்தி:
இதைத்தான் பலரும் ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். இரட்டை மெர்சென் எண்கள் என்று பெயர். அடுத்த மெர்சென் பகா எண் 8191, அதாவது 2^13 − 1. அதை அடுக்காகப் போட்டால் 2^8191 − 1. அது பகு எண். 338193759479 அதை வகுக்கும்.

இன்னொரு சங்கிலி உண்டு: 2, 3, 7, 127, 2^127 − 1. ஒவ்வொன்றும் முந்தியதை அடுக்காக்கிக் கிடைத்தது, ஐந்தும் பகா எண். ஆறாவது என்ன என்று யாருக்கும் தெரியாது. அதன் இலக்கங்களின் எண்ணிக்கையை எழுதவே 38 இலக்கம் வேண்டும். எண்ணை எங்கேயும் எழுதி வைக்க முடியாது, லூக்கா சோதனையும் ஓட்ட முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆய்லர் வழியில் சிறிய வகுஎண் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுவது. அதற்கு எண்ணை எழுதத் தேவையில்லை, மீதிகளை மட்டும் வர்க்கமாக்கிக்கொண்டே போகலாம். 2^61 − 1-ஐ அடுக்காகப் போட்ட எண்ணுக்கும் இதே நிலைதான். தேடுகிறார்கள், இதுவரை காரணி எதுவும் அகப்படவில்லை.

கிள்ளான்காரன்:
எஸ்பிஎம்-இல் வராது என்று சொன்னவன் நான்தான், இன்னும் அதையே சொல்கிறேன். ஆனால் 8191 விஷயம் உண்மையா என்று பார்க்க ஒரு வழி சொல்லுங்கள். 338193759479 எங்கிருந்து குதித்தது?

சேகர் மகள்:
அங்கிள், சார் சொன்ன விதிப்படி அது 2 × 8191 = 16382-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். கைப்பேசியில் போட்டேன்: 338193759478 ÷ 16382 = 20644229, மீதி இல்லை. 8-ஆல் வகுத்தால் மீதி 7. இரண்டு கட்டுப்பாடும் சரி. மீதியை வர்க்கமாக்கி வர்க்கமாக்கி 2^8191 வரை போகும் வேலை மிச்சம் இருக்கிறது. நிரலன் அண்ணா, அதற்குப் பைத்தான் நிரல்மொழியில் எப்படி எழுதுவது?

நிரலன்:
ஒரே வரிதான், தங்கச்சி. அடுக்கு கணிக்கும் 'பவ்' கட்டளைக்கு மூன்று எண் கொடுக்க வேண்டும்: 2, 8191, 338193759479. விடை 1 வந்தால் வகுக்கிறது என்று பொருள். முதலில் 2, 31, 311 கொடுத்துப் பார். 36 வர வேண்டும், நீ கையால் கண்ட 35-ஐவிட ஒன்று அதிகம்.